கல்லில் கிடைத்த கரிமம் யாருடையது? முர்ச்சிசன் முதல் பில்பரா வரை

திங்கள், மெல்பர்ன்

மருந்து ஆய்வகத்தில் கலவையிலிருந்து சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் குரோமடோகிராஃப் கருவிகளோடு பணிக்காலத்தைக் கழித்தவன் நான். ஒரு மாதிரியில் ஒரு சேர்மம் தென்படுவது பெரிய செய்தியல்ல என்பதும், அது அந்த மாதிரிக்கே உரியதா, கையுறையிலிருந்தோ கரைப்பானிலிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டதா என்று நிறுவுவதே உண்மையான வேலை என்பதும் அந்தத் தொழில் கற்றுத் தந்த பாடம். விண்கற்களிலும் பூமியின் மிகப் பழைய பாறைகளிலும் உள்ள கரிமச் சேர்மங்களைப் பற்றி ஓய்வுக்குப் பின் படிக்கத் தொடங்கியபோது, அந்தத் துறையின் வரலாறே இந்த ஒரு கேள்வியைச் சுற்றி நடந்திருப்பதைக் கண்டேன். அந்த வரலாற்றின் பெரும்பகுதி ஆஸ்திரேலிய மண்ணில் கிடக்கிறது. அக்காள் மகன் மெல்பர்னில் குடியிருப்பது பயணத்துக்கு வசதியாகவும் அமைந்தது.

இன்று மெல்பர்ன் அருங்காட்சியகத்துக்குப் போய் விண்கற்களைப் பார்த்தோம். மக்கள் கூடி நிற்பது இரும்பு விண்கற்களின் முன்னால்தான். அவற்றின் எடையும் பளபளப்பும் கண்ணை இழுக்கின்றன. கரிமக் கோண்டிரைட் வகைக் கற்கள் கறுத்து, மங்கலாக, எளிதில் உதிரக்கூடியவையாக இருப்பதால் அவற்றின் முன் யாரும் நிற்பதில்லை. ஆனால் வேதியியல் தெரிந்தவனுக்கு இரும்புக் கற்களை விட இவையே அரியவை. சூரியக் குடும்பம் உருவான காலத்தில், ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகளுக்கு முன், தூசியும் பனியும் சேர்ந்து திரண்ட சிறுகோள்களின் துணுக்குகள் இவை. இரும்பு உருகிப் பிரியும் அளவுக்கு இவை ஒருபோதும் சூடாகவில்லை. ஆனால் உள்ளிருந்த பனி உருகி, வெதுவெதுப்பான நீராகக் கல்லின் இடுக்குகளில் நெடுங்காலம் ஊறிக் கிடந்திருக்கிறது. கரிமச் சேர்மங்கள் பல இந்த நீரில்தான் உருவாயின.

"மாமா, இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று மருமகன் கேட்டான். நாளை முர்ச்சிசனுக்கு வண்டி ஓட்டப்போகிறவன் அவன் என்பதால் நான் பொறுமையாகவே பதில் சொன்னேன்.

செவ்வாய், முர்ச்சிசன்

மெல்பர்னிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரப் பயணம். கோல்பர்ன் ஆற்றங்கரையில் யூகலிப்டஸ் மரங்களுக்கு இடையே அமைந்த சிற்றூர். சுற்றிலும் மேய்ச்சல் நிலமும் பழத்தோட்டங்களும் உள்ளன. ஊரின் பெயர் உலகத்தின் எல்லா விண்வேதியியல் ஆய்வகங்களிலும் அன்றாடம் உச்சரிக்கப்படுகிறது என்பதற்கு அங்கே பெரிய ஆரவாரம் எதுவும் இல்லை.

1969 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் ஏறத்தாழ 11 மணி. வானில் ஒரு நெருப்புக் கோளம் மூன்றாகப் பிளந்து, புகைத்தடத்தை விட்டு மறைந்தது. சற்று நேரத்தில் அதிர்வு கேட்டது. பதின்மூன்று சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில் கற்கள் சிதறின. 680 கிராம் எடையுள்ள ஒன்று ஒரு கொட்டகையின் கூரையைத் துளைத்து வைக்கோலில் விழுந்தது. மொத்தம் 100 கிலோவுக்கு மேல் கிடைத்தது. அதன் பெரும் பங்கு இன்று சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கற்களைப் பொறுக்கியவர்கள் அவற்றிலிருந்து மெத்திலேட்டட் ஸ்பிரிட் வாடை வந்ததாகச் சொன்னார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின் அதே கல்லை அரைத்துப் பசையாக்கிய சிகாகோ ஆய்வாளர்கள், கெட்டுப்போன வேர்க்கடலை வெண்ணெயின் நாற்றம் அடிப்பதாக எழுதினார்கள். கல்லுக்கு வாடை உண்டு என்றால் அதில் ஆவியாகக்கூடிய கரிமச் சேர்மங்கள் உண்டு என்று பொருள். இந்தக் கல்லில் கரிமம் எடையில் சுமார் 2 சதவீதம்.

விழுந்த காலமும் பொருத்தமாக அமைந்தது. அதே ஆண்டு ஜூலையில்தான் அப்பல்லோ 11 நிலவிலிருந்து கற்களைக் கொண்டுவந்தது. அவற்றில் கரிமச் சேர்மம் உண்டா என்று தேடுவதற்காக அமெரிக்க ஆய்வகங்கள் கருவிகளைக் கூர்மையாக்கி, மாசு புகாத அறைகளை அமைத்துத் தயாராக இருந்தன. நிலாக் கற்கள் பெரும்பாலும் ஏமாற்றின. முர்ச்சிசன் அந்தத் தயாரிப்பை வீணாக்கவில்லை.

அதற்கு முந்தைய காலம் இந்தத் துறைக்குச் சங்கடமானது. 1864 மே மாதம் பிரான்சின் ஓர்கெய்ல் ஊரில் விழுந்த கரிமக் கல்லில் உயிரினத்திலிருந்து வந்தவை போன்ற ஹைட்ரோகார்பன்கள் இருப்பதாக 1961-இல் அறிவித்தார்கள். நுண்ணுயிர்களின் உருவங்களையும் கண்டதாகச் சொன்னார்கள். அவற்றுள் சில மகரந்தத் துகள்கள் என்று பின்னர் தெரிந்தது. அதே கல்லின் இன்னொரு துண்டில், கோரை இனத் தாவரத்தின் விதைகளையும் நிலக்கரித் துணுக்குகளையும் யாரோ பசை வைத்து ஒட்டியிருப்பதை 1960-களில் கண்டுபிடித்தார்கள். துண்டு நூறாண்டாகக் கண்ணாடிக் குடுவையில் மூடிக் கிடந்ததால், கல் விழுந்த காலத்திலேயே நடந்த குறும்பு அது என்று கருதப்படுகிறது. உயிர் தானாகத் தோன்றாது என்று லூயி பாஸ்டர் பாரிசில் உரையாற்றிய சில வாரங்களில் அந்தக் கல் விழுந்தது என்பதை நினைத்தால், குறும்புக்காரரின் நோக்கம் ஓரளவு புரிகிறது. இன்னொரு தொல்லை கை விரல்களால் வந்தது. விரல் பட்ட இடத்தில் எல்லாம் அமினோ அமிலங்கள் ஒட்டிக்கொள்கின்றன என்றும், அவற்றில் செரின் மிகுதி என்றும் 1965-இல் அளந்து காட்டினார்கள். விண்கற்களில் அதுவரை கண்டதாகச் சொல்லப்பட்ட அமினோ அமிலங்களின் பட்டியல் விரல் ரேகையின் பட்டியலை ஒத்திருந்தது. ஆய்வகத்தில் வேலை செய்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பும் வரும், வயிற்றில் கலக்கமும் வரும்.

இந்தச் சூழலில்தான் 1970 டிசம்பரில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்திலிருந்து கீத் குவன்வோல்டன், சிரில் பொன்னம்பெரும, உடன் பணியாற்றியோர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. பொன்னம்பெரும இலங்கையின் காலியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் பெற்று, பின்னர் லண்டனில் வேதியியல் படித்து, பெர்க்லியில் மெல்வின் கால்வினிடம் முனைவர் ஆனவர். தத்துவத்திலிருந்து உயிரின் தோற்றத்துக்கு வந்தவர் கையில் முர்ச்சிசன் கிடைத்ததை எண்ணி நான் மகிழ்கிறேன்.

விரிசல் குறைந்த ஒரு கல்லின் உட்பகுதியை எடுத்துச் சூடான நீரில் ஊறவைத்து, கிடைத்ததை ஆராய்ந்தார்கள். கிளைசின், அலனின், குளுட்டாமிக் அமிலம், வாலின், புரோலின் ஆகியவை இருந்தன. இவை மட்டும் இருந்திருந்தால் மீண்டும் விரல் ரேகைதான் என்று ஒதுக்கியிருப்பார்கள். மூன்று சான்றுகள் அதைத் தடுத்தன. பெரும்பாலான அமினோ அமிலங்கள், பொருளும் அதன் கண்ணாடிப் பிம்பமும் போல, இடக்கை, வலக்கை என இரு வடிவங்களில் வரும். பூமியின் உயிர்கள் புரதத்துக்கு இடக்கை வடிவத்தை மட்டுமே பயன்படுத்துகின்றன. முர்ச்சிசனில் இடக்கையும் வலக்கையும் ஏறத்தாழச் சரிபாதியாக இருந்தன. புரதங்களில் இடம்பெறாத 2-மெத்தில்அலனின், சார்கோசின் போன்றவை கணிசமாக இருந்தன. கரிமத்தின் ஐசோடோப் விகிதம், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதம், பூமியில் உயிர்வழி வந்த கரிமத்தைவிடக் கனமான கரிமம்-13 பக்கம் சாய்ந்திருந்தது. மூன்றில் ஒன்றை மட்டும் வைத்து வழக்காடினால் எதிர்வாதத்துக்கு இடம் உண்டு. எடுத்துக்காட்டாக 2-மெத்தில்அலனினைச் சில பூஞ்சைகளும் உண்டாக்குகின்றன. மூன்றும் ஒரே திசையில் கை காட்டியபோது மறுக்க இடமில்லாமல் போயிற்று.

அதன் பின் வந்த அரை நூற்றாண்டு ஆய்வுகளில் என்னை மிகவும் ஈர்ப்பது சேர்மங்களின் பட்டியலின் நீளம் அல்ல, அதன் ஒழுங்கு. ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையில் கரிம அணுக்களைக் கொண்டு எத்தனை விதமாக ஓர் அமினோ அமிலத்தைக் கட்ட முடியுமோ அத்தனை விதமும் முர்ச்சிசனில் கிடைக்கிறது. அணுக்களின் எண்ணிக்கை கூடக் கூட அளவு சீராகக் குறைகிறது. உயிர் இப்படி நடந்துகொள்ளாது. அது சில கட்டமைப்புகளைத் தேர்ந்து, அவற்றையே மீண்டும் மீண்டும் உண்டாக்கும். தேர்வு இல்லாத இடத்தில் எல்லாமே உண்டாகும். 2010-இல் உயர்திறன் நிறைமானியில் இட்டுப் பார்த்தபோது பல்லாயிரம் மூலக்கூறு வாய்பாடுகள் தெரிந்தன. சிறுகோளின் நீரில் ஆல்டிஹைடு, கீட்டோன், ஹைட்ரஜன் சயனைடு, அம்மோனியா ஆகியவை கூடி ஸ்ட்ரெக்கர் வினையில் அமினோ அமிலங்கள் பிறந்தன என்ற விளக்கத்துக்கு, அவற்றுக்கு இணையான ஹைட்ராக்சி அமிலங்களும் அதே கல்லில் கிடைத்தது துணை நிற்கிறது. மரபுப் பொருளின் எழுத்துகளான யுராசில் முதலிய நியூக்ளியோகாரங்களை 2008-இல் கரிம ஐசோடோப்புச் சான்றோடும், ரிபோஸ் சர்க்கரையை 2019-இல் ஜப்பானிய ஆய்வுக்குழுவும் உறுதிப்படுத்தினார்கள். கல்லிலிருந்து பிரித்த கொழுப்புத்தன்மையுள்ள சேர்மங்கள் நீரில் சவ்வு போன்ற குமிழிகளாகக் கூடுவதை 1985-இலேயே டேவிட் டீமர் காட்டியிருந்தார். இவை யாவும் கரையக்கூடிய பகுதி. கல்லின் கரிமத்தில் பெரும்பங்கு, எந்தக் கரைப்பானிலும் கரையாத பிணைந்த பெருமூலக்கூறாகவே கிடக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு, அது அழகற்றது என்பதால் இருக்கலாம்.

சரிபாதி என்று மேலே எழுதினேன். 1997-இல் குரோனினும் பிட்சரெல்லோவும் ஐசோவாலின் போன்ற சிலவற்றில் இடக்கை வடிவம் சற்று மிகுந்திருப்பதைக் கண்டார்கள். 2009-இல் கிளாவினும் டுவோர்கினும் ஐசோவாலினில் அந்த மிகுதி சுமார் 18 சதவீதம் வரை இருப்பதாக அளந்தார்கள். ஐசோவாலினைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இதன் நடுக்கரிமத்தில் ஹைட்ரஜன் இல்லாததால், காலப்போக்கில் ஒரு கை வடிவம் மறு கை வடிவமாக மாறிச் சமநிலைக்கு வந்துவிடாது; தொடக்கத்தில் இருந்த சாய்வு அப்படியே நிற்கும். உயிர்களிடம் மிக அரிது என்பதால் மாசு என்ற ஐயமும் குறைவு. கல் நீரில் எவ்வளவு ஊறியதோ அவ்வளவு இந்தச் சாய்வு கூடுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். உயிர் இடக்கையைத் தேர்ந்ததற்கு வானமே காரணமோ என்று அன்றிலிருந்து பேச்சு நடக்கிறது.

ஆற்றோரம் விண்கல்லின் நினைவாகப் பெயரிட்ட பூங்கா இருக்கிறது. மதியச் சாப்பாட்டை அங்கே முடித்துக்கொண்டு திரும்பினோம்.

வியாழன், பெர்த்

மெல்பர்னிலிருந்து நான்கு மணி நேர விமானப் பயணம். இங்கே வண்டி எடுத்து வடக்கே போகும் ஆய்வு ஆர்வலர் குழுவோடு சேர்ந்துகொண்டேன். எங்களை நடத்திச் செல்பவர் ஓய்வுபெற்ற நிலவியலாளர். பாறையைச் சுத்தியலால் தொடக்கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே மூன்று முறை சொன்னார்.

பெர்த்துக்கு வடக்கே ஜாக் ஹில்ஸ் என்னும் மலைத்தொடரில் பூமியின் மிகப் பழைய படிகங்கள் கிடைக்கின்றன. அங்கே நாங்கள் போகவில்லை. 440 கோடி ஆண்டு வயதுள்ள சிர்க்கான் படிகத்தை 2001-இல் அறிவித்தார்கள். 2015-இல் 10,000-க்கும் மேற்பட்ட சிர்க்கான்களைச் சலித்துப் பார்த்து, 410 கோடி ஆண்டு வயதுள்ள ஒன்றனுள் விரிசல் எதுவும் தொடாத கிராஃபைட் துணுக்குகளைக் கண்டார்கள். அதன் ஐசோடோப் விகிதம் உயிர்வழிக் கரிமத்தை ஒத்த இலேசான பக்கம் இருந்தது. ஒற்றைப் படிகம். நான் அதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கிராஃபைட் ஆகிவிட்ட கரிமத்தில் மூலக்கூறு என்று எதுவும் மிஞ்சாது, ஐசோடோப் விகிதம் மட்டுமே பேசும்.

சனி, ஹேமலின் குளம்

ஷார்க் விரிகுடாவின் தென்கோடி. கடலின் இருமடங்கு உப்புள்ள ஆழமற்ற நீரில் ஸ்ட்ரோமடோலைட்டுகள் வளர்கின்றன: நுண்ணுயிர்ப் படலங்கள் மணலையும் சுண்ணாம்பையும் பிடித்து அடுக்கடுக்காக எழுப்பும் கருந்திட்டுகள். இவற்றின் வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான். உப்பு மிகுதியால் மேய்ந்து தின்னும் நத்தைகள் குறைவு, அதனால் பிழைத்திருக்கின்றன. 2021 ஏப்ரலில் வீசிய செரோஜா புயல் இங்கிருந்த மரப்பாலத்தைச் சிதைத்தது. கரையிலிருந்து பார்ப்பதே போதுமானதாக இருந்தது.

பழைய பாறைகளில் தேடும் மூலக்கூறுகளை உயிருள்ள படலங்களில் அளந்து ஒப்பிட இவ்விடம் உதவுகிறது. அந்த ஒப்பீடும் முடிந்த கதையல்ல. பாக்டீரியாச் சவ்வுகளில் ஹோப்பனாய்டு என்ற வளையக் கொழுப்பு இருக்கிறது. அது பாறையில் புதைந்து, ஆக்சிஜனை இழந்து, ஹோப்பேன் என்னும் எலும்புக்கூடாக மிஞ்சும். அதில் ஒரு மெத்தில் தொகுதி கூடுதலாக இருந்தால் அது சயனோபாக்டீரியாவின் அடையாளம் என்று 1999-இல் ரோஜர் சம்மன்சும் உடன் பணியாற்றியோரும் எழுதினார்கள். 2007-இல், ஆக்சிஜனை வெளியிடாத வேறொரு பாக்டீரியாவும் அதே மூலக்கூறை உண்டாக்குவது தெரிந்தது. மூலக்கூறு பாறைக்கே சொந்தம் என்று நிறுவினாலும், அதை உண்டாக்கிய உயிர் எது என்ற கேள்வி தனியாக நிற்கிறது.

திங்கள், மார்பிள் பார்

கார்னார்வன் வழியாகப் போர்ட் ஹெட்லண்டு வரை நெடுஞ்சாலையில் எழுதுவதற்கு எதுவும் இல்லை. இரும்புத்தாது ஏற்றிய தொடர்வண்டிகளின் நீளம் ஒன்றே வியப்பு. அங்கிருந்து உள்நாட்டுக்குத் திரும்பினால் மார்பிள் பார். 1923-24-இல் தொடர்ந்து 160 நாட்கள் பகலின் உச்ச வெப்பநிலை 37.8 டிகிரிக்குக் குறையாத ஊர். இப்போது குளிர்காலம் என்பதால் இரவில் போர்வை தேவைப்படுகிறது.

கூங்கன் ஆற்றின் குறுக்கே கிடக்கும் சிவப்பும் வெள்ளையும் கலந்த வரிப்பாறை சலவைக்கல் அல்ல, ஜாஸ்பர். சுமார் 346 கோடி ஆண்டு பழமையான கடலடிப் படிவு. பயணிகள் தண்ணீரை ஊற்றி நிறத்தைக் கிளப்பிப் படம் எடுக்கிறார்கள். அந்தச் சிவப்பு ஹெமடைட்டால் வந்தது. அது படிவோடு பிறந்ததா, பிற்காலத்தில் நிலத்தடி நீர் இரும்பை ஆக்சிஜனேற்றியதால் வந்ததா என்பதற்கு இரு தரப்பிலும் கட்டுரைகள் இருக்கின்றன.

ஊருக்குச் சற்று மேற்கே சைனாமேன் ஓடையில் ஏபெக்ஸ் செர்ட் என்னும் சிலிக்காப் பாறை உள்ளது. 1993-இல் வில்லியம் ஷோப் அதில் 11 வகை நுண்ணுயிர்ப் புதைபடிவங்களை அறிவித்தார். 2002-இல் மார்ட்டின் பிரேசியர், அவை வெந்நீர்க் குழாயில் படிகங்களைச் சுற்றி ஒட்டிய கரிமம் என்று மறுத்தார். உருவத்தை மட்டும் நம்பினால் வழக்கு இப்படித்தான் இழுபடும். அதனால் நான் வேதியியல் பக்கமே நிற்கிறேன்.

செவ்வாய், நார்த் போல்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா வட்டாரத்தின் நடுவே, நண்பகலில் நிழலே இல்லாத செம்மண் குன்றுகளுக்கு, வடதுருவம் என்று பெயர் வைத்த சுரங்கக்காரரின் நகைச்சுவையைப் பாராட்டத்தான் வேண்டும். இது நியமல் மக்களின் நிலம். அனுமதி பெற்றே நுழைந்தோம். டிரெஸ்சர் படிவம் என்னும் இந்தப் பாறைத்தொகுதிக்கு வயது 348 கோடி ஆண்டுகள். எரிமலைக் குழிவில் வெந்நீர் ஊற்றுகள் கொப்பளித்த இடம். நிலத்தின் மேல் இருந்த வெந்நீர் ஊற்றின் படிவான கெய்சரைட்டை 2017-இல் இங்கே அடையாளம் கண்டார்கள். சுருக்கம் விழுந்த அடுக்குகளாகத் துருநிறத்தில் நிற்கும் ஸ்ட்ரோமடோலைட்டுகளை வழிகாட்டி காட்டினார். ஹேமலினைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு உறவு தெரிகிறது. ஆனால் அந்த அடுக்குகளில் மூலக்கூறு எதுவும் நேரடியாக மிஞ்சவில்லை. மேற்பரப்பு முழுதும் வெயிலிலும் மழையிலும் ஆக்சிஜனேறித் தின்னப்பட்டுவிட்டது.

ஆழத்தில் நிலைமை வேறு. இங்குள்ள செர்ட் பாறை நரம்புகளில் கெரோஜன் என்னும் கரையாத கரிமம் அடைபட்டிருக்கிறது. 2018-இல் யான்-பீட்டர் டூடாவும் உடன் பணியாற்றியோரும், அதை முதலில் கரைப்பான்களால் முழுமையாகக் கழுவி, பிற்காலத்தில் ஊறிய எண்ணெய்களை நீக்கினார்கள். பிறகு உயர் அழுத்த ஹைட்ரஜனில் சூடாக்கி, பிணைப்பில் இருந்தவற்றை மட்டும் விடுவித்துப் பார்த்தார்கள். கழுவலில் போவது வந்தேறியாக இருக்கலாம், கட்டுண்டிருப்பது பெரும்பாலும் கெரோஜனுக்கே உரியது என்பது இந்த முறையின் தர்க்கம். எனக்கு மிகவும் பிடித்த தர்க்கம். கிடைத்த நேர்சங்கிலி ஆல்கேன்கள் 18 கரிம அணுக்கள் வரை வந்து, அதற்கு மேல் சட்டென்று குறைந்தன. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கூடி உயிரின்றியே ஹைட்ரோகார்பன் தரும் வினையில் இத்தகைய படிக்கட்டு வருவதில்லை, சரிவு சீராக இருக்கும். உயிரினச் சவ்வின் கொழுப்புச் சங்கிலிகளின் நீளம்தான் இப்படி ஓரிடத்தில் நிற்கும். போன செவ்வாய்க்கிழமை முர்ச்சிசனில் எழுதிய தேர்வுக் குணத்தின் மறுபக்கம் இது.

இதே இடத்தின் பாரைட் படிகங்களில் ஊற்றுநீரின் துளிகள் நுண்குமிழிகளாகச் சிறைப்பட்டிருக்கின்றன. 2021-இல் ஹெலன் மிஸ்பாக்கும் உடன் பணியாற்றியோரும் அந்தத் துளிகளைத் திறந்து ஹைட்ரஜன் சல்பைடு, அசெட்டிக் அமிலம், மெத்தேன்தயால் முதலியவற்றைக் கண்டார்கள். அந்த ஊற்றில் வாழ்ந்த உயிர்களுக்கு உணவாகக்கூடிய சேர்மங்கள் இவை. கல்லை உடைக்கும்போது அழுகிய முட்டை வாடை வரும் என்று வழிகாட்டி சொன்னார். விதியை அவரே போட்டிருந்ததால் உடைத்துக் காட்டவில்லை. செர்ட் நரம்பின் குமிழிகளில் இருந்த மீத்தேன் மிகவும் இலேசான கரிமம் கொண்டது என்றும், அது மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் தடயம் என்றும் 2006-இல் யூய்ச்சிரோ ஊயெனோ எழுதியிருந்தார். படிகத்துள் மூடப்பட்ட துளி, கையுறையும் கரைப்பானும் தொட முடியாத மாதிரி. பழைய பூமியிலிருந்து கிடைப்பவற்றுள் ஓர் ஆய்வக ஊழியன் மனத்துக்கு இதமானது இதுவே.

வியாழன், நியூமன்

நல்லாஜீன் வழியாகத் தெற்கே வந்து ஹேமர்ஸ்லி பக்கம் சேர்ந்தோம். நிலம் இளமையாகிவிட்டது, 270 கோடி ஆண்டு மட்டுமே. இந்தக் காலத்துக் கரும் களிப்பாறைகளைச் சுற்றி நடந்த சச்சரவுக்காகவே நான் இந்தப் பயணத்தைத் திட்டமிட்டேன் என்று சொல்லலாம்.

1999-இல் யோகன் பிராக்ஸ், கிரகாம் லோகன், ரோஜர் பியூக், ரோஜர் சம்மன்ஸ் ஆகியோர், பில்பராவில் தோண்டி எடுத்த 270 கோடி ஆண்டு பழைய களிப்பாறைகளில் ஸ்டெரேன்கள் இருப்பதாக அறிவித்தார்கள். ஸ்டெரேன் என்பது கொலஸ்டிரால் வகைச் சேர்மங்களின் எலும்புக்கூடு; உட்கரு உள்ள உயிரணுக்களின் கையொப்பம். அவற்றின் புதைபடிவ வரலாறு ஒரே கட்டுரையில் பல கோடி ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஸ்டெராலை உண்டாக்க ஆக்சிஜன் வேண்டும் என்பதால், காற்றில் ஆக்சிஜன் சேர்வதற்கு நெடுங்காலம் முன்பே அது எங்கோ உற்பத்தியாகியது என்ற முடிவும் கூடவே வந்தது. பாடநூல்கள் ஏற்றுக்கொண்டன.

ஆனால் இந்தப் பாறைகள் ஒரு காலத்தில் 200 டிகிரிக்கு மேல் வெந்தவை. அடிப்பிடித்துக் கரியான சோற்றைச் சுரண்டி எடுத்து, இது எந்த நெல் என்று கேட்பது போன்ற நிலை. அந்த வெப்பத்தில் ஸ்டெரேன் பிழைத்திருக்குமா என்ற ஐயம் தொடக்கத்திலிருந்தே உண்டு. 2008-இல் பிர்கர் ராஸ்முசென், பிராக்சையும் உடன் ஆசிரியராகக் கொண்டு, பாறையின் கெரோஜனையும் அதனுள் உறைந்த பிற்றுமினையும் நுண்கற்றை கொண்டு தனித்தனியே அளந்தார். அவற்றின் கரிமம், கரைத்தெடுத்த எண்ணெயின் கரிமத்தைவிட மிகவும் இலேசாக இருந்தது. பாறையின் சொந்தக் கரிமத்திலிருந்து அந்த எண்ணெய் பிறந்திருக்க முடியாது. 2011-இல் பிராக்ஸ், துளையிட்டு எடுத்த பாறைத்தண்டை மில்லிமீட்டர் கணக்கில் சீவிப் பார்த்தார். வெளிப்புறத்தில் ஹைட்ரோகார்பன் மிகுதி, உள்ளே போகப் போகக் குறைவு. எண்ணெய் வெளியிலிருந்து ஊறியது போன்ற சரிவு.

தன் பெயரை நிலைநாட்டிய கண்டுபிடிப்பைத் தானே முன்னின்று அளந்து கலைத்தவர் என்ற முறையில் பிராக்ஸ் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

இறுதித் தீர்ப்புக்காக 2012-இல் அகூரான் நிறுவனத்தின் நிதியில் பில்பராவில் புதிதாகத் துளையிட்டார்கள். துளையிடும் திரவத்தில் எண்ணெய் சேர்க்கவில்லை. மாதிரிகளை வெவ்வேறு ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு படியிலும் பாறை இல்லாத வெற்றுச் சோதனை ஒன்றை உடன் நடத்தினார்கள். 2015-இல் கேத்தரின் ஃபிரெஞ்சு தலைமையில் வெளியான முடிவில், களிப்பாறையில் கிடைத்த ஹோப்பேன், ஸ்டெரேன் அளவு வெற்றுச் சோதனையில் கிடைத்த அளவைத் தாண்டவில்லை. மாறாக, கடும் வெப்பம் கண்ட பாறைக்கு உரிய வளைய ஹைட்ரோகார்பன்கள் இருந்தன. முன்பு கண்ட ஸ்டெரேன்கள் இக்காலப் பெட்ரோலியத்தின் மாசு. மருந்து ஆய்வகத்தில் வெற்றுச் சோதனை என்றால் இளைஞர்கள் சலித்துக்கொள்வார்கள், மாதிரியே இல்லாத ஊசிக்கு எதற்கு அரை மணி நேரம் என்று. அவர்களுக்கு இந்தக் கட்டுரையைப் படிக்கக் கொடுக்கலாம்.

வேகாத பாறைகளில் மூலக்கூறுகள் நன்றாகவே பிழைக்கின்றன. இதே நாட்டின் வட ஆட்சிப்பகுதியில், 164 கோடி ஆண்டு பழைய பார்னி கிரீக் படிவத்தில், ஊதாநிறக் கந்தகப் பாக்டீரியாவின் நிறமியிலிருந்து வந்த ஓகெனேன் என்னும் சேர்மத்தை 2005-இல் பிராக்ஸ் குழுவினர் கண்டார்கள். முழு ஸ்டெராலுக்கு முந்திய படிகளில் உண்டாகும் முன்ஸ்டெராய்டுகளை 2023-இல் அங்கே அறிவித்தார்கள். 270 கோடிக்கும் 164 கோடிக்கும் இடையில் நல்ல களிப்பாறை அகப்பட்டால்தான் இந்தக் கதையின் நடுப்பகுதி கிடைக்கும்.

வெள்ளி, திரும்பும் விமானத்தில்

பெர்த்திலிருந்து மெல்பர்னுக்குப் போகும் வழியில் இடப்புறம் எங்கோ தொலைவில் தெற்கு ஆஸ்திரேலியாவின் வூமெரா பாலை இருக்கிறது. 2020 டிசம்பர் 6 அன்று ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் ரியுகு சிறுகோளிலிருந்து எடுத்த 5.4 கிராம் மண்ணை அங்கேதான் இறக்கியது. விண்கல் பூமியில் விழும் வரை காத்திருக்காமல், சிறுகோளுக்கே போய் அள்ளி, மூடி எடுத்து வந்தார்கள். அதில் யுராசில் கிடைத்ததை 2023-இல் அறிவித்தார்கள். அப்படிக் கொண்டுவந்த பின்னும் தொல்லை தீரவில்லை. பிரிட்டனில் பிசினில் பதித்து ஆராய்ந்த ஒரு ரியுகு துணுக்கில் பாக்டீரியாக்கள் குடியேறி வளர்ந்து, பெருகி, தேய்ந்ததை 2024-இல் பதிவு செய்தார்கள். பூமியின் உயிர் எவ்வளவு விரைவாகக் கல்லைப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று இல்லை.

பென்னு சிறுகோளிலிருந்து நாசாவின் ஓசிரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2023 செப்டம்பரில் 121.6 கிராம் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் வெளியான முதல் பகுப்பாய்வில், புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களுள் 14, ஐந்து நியூக்ளியோகாரங்கள், மிகுதியான அம்மோனியா எல்லாம் இருந்தன. ஆனால் புரதத்தில் இல்லாத அமினோ அமிலங்களில், ஐசோவாலின் உட்பட, இடக்கையும் வலக்கையும் சரிபாதி. பென்னு நீரில் நன்றாக ஊறிய பொருள். நீரில் ஊறினால் இடக்கை மிகும் என்ற முர்ச்சிசன் கணக்குப்படி இங்கே சாய்வு தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே, முர்ச்சிசனின் 18 சதவீதத்தை எப்படி எடுத்துக்கொள்வது? முர்ச்சிசன் மேய்ச்சல் நிலத்தில் கிடந்து, பலர் கைபட்டு வந்த கல் என்பது உண்மை. ஆனால் மாசு ஐசோவாலினைக் கொண்டுவருவது அரிது என்பதும் உண்மையே. ஒவ்வொரு சிறுகோளுக்கும் தனித்தனி வேதி வரலாறு இருந்து, அனைத்துக்கும் ஒரே விதி இல்லாமல் போவதே எனக்கு நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. பென்னு மாதிரியில் குறைந்தது 70 சதவீதத்தைத் தொடாமல் எதிர்கால ஆய்வுகளுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். முர்ச்சிசனிலும் பெரும்பகுதி சிகாகோவில் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே கருவியில், ஒரே வெற்றுச் சோதனையோடு மீண்டும் அளந்து ஒப்பிடும் அட்டவணையைத்தான் அடுத்துப் படிக்க விரும்புகிறேன்.